நாலு நம்பர் பார்க்காமல் இறங்காதீர்கள்!

நிலக்கரிச் சுரங்க ஆய்வாளரின் கையில் இருக்கும் வாயுமானி, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மேன்ஹோல்களின் ஓரத்துக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

2023 மே 1. உழைப்பாளர் தினம். ஊரே விடுமுறையில் இருந்த அந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூரில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன இரண்டு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று பேர். 2024-ல் ஆவடியில் பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கப் போன ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர்.

சென்னையின் மேற்கு, வடமேற்குப் புறநகரில் வசிப்பவர்களுக்கு இவை எங்கோ நடந்த செய்திகள் அல்ல. அடுத்த தெருவில் நடந்தவை. 1993-க்குப் பிறகு கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் தமிழ்நாடு என்பதை நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த விவரங்களே சொல்கின்றன.

ஒவ்வொரு முறையும் செய்தி ஒரே மாதிரிதான் வருகிறது: ‘விஷவாயு தாக்கி பலி’. என்ன வாயு, எவ்வளவு இருந்தது, இறங்குவதற்கு முன் அளந்தது யார் என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. அளந்திருந்தால்தானே எழுத முடியும்?

அளக்கக் கருவி இல்லையா? இருக்கிறது. அதை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அந்தக் கருவியின் எண்ணைப் பார்த்து ‘வேலையை நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர்தான் நம் தெருக்களில் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

உள்ளங்கையில் ஒரு காவல்

பழைய பட்டன் செல்போனைவிடக் கொஞ்சம் தடிமனான பெட்டி. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் உறை. சட்டையில் மாட்டிக்கொள்ள முதுகுப் பக்கம் ஒரு கிளிப். முகப்பில் வலை போர்த்திய சின்னத் துளைகள். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரு சென்சார். திரையில் நான்கு எண்கள். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 என்று நிற்கும். மற்ற மூன்றும் பூஜ்யம்.

அந்த மூன்றில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. மூன்றாவது, எரியும் வாயு. சாக்கடையில் அது பெரும்பாலும் மீத்தேன்தான். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.-ஐத் தொட்டாலோ பெரும்பாலான கருவிகள் அலறும்; சிவப்பு விளக்கு மின்னும்; கையில் பிடித்திருந்தால் அதிரும். பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக நம் மூக்கால் அளவு சொல்ல முடியாது.

எரியும் வாயுவின் எண்ணுக்கு மட்டும் ஒரு விளக்கம் தேவை. காற்றில் மீத்தேன் 5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அந்த 5 சதவீதத்தை 100 என்று வைத்துக்கொண்டு கருவி கணக்குச் சொல்கிறது. திரையில் 10 என்று வந்தால் காற்றில் அரை சதவீத மீத்தேன் இருக்கிறது என்று பொருள். வெடிப்பு எல்லைக்கு வெகுதூரம் முன்பே எச்சரித்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கருவிக்குள்ளேயே பொறி எழுந்துவிடாதபடியும் அதை வடிவமைக்கிறார்கள்.

சுரங்கம் தந்த பாடம்

இந்த எச்சரிக்கை உணர்வை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவை நிலக்கரிச் சுரங்கங்கள். 1812-ல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் மாண்டார்கள். அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1815-ல் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றிக் கம்பி வலை போர்த்திய விளக்கை உருவாக்கினார். சுடரின் வெப்பத்தை வலை உறிஞ்சிக்கொள்வதால் வெளியே இருக்கும் வாயு பற்றாது. சுடரைத் தணித்துப் பார்த்தால், மீத்தேன் இருக்கும் இடத்தில் அதன் தலையில் மங்கலான நீலத் தொப்பி ஒன்று தெரியும். தொப்பியின் உயரத்தை வைத்து வாயுவின் அளவைச் சொல்லிவிடுவார்கள். வெளிச்சத்துக்காக வந்த விளக்கே அளவுகோலும் ஆனது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதற்கு விளக்கு உதவாது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரின் யோசனைப்படி கேனரிப் பறவைகளைக் கூண்டில் வைத்துச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். மனிதன் மயங்குவதற்கு முன்பே பறவை சரிந்துவிடும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986-ல்தான் அந்தப் பறவைகளுக்கு ஓய்வு கிடைத்தது. அவற்றின் இடத்தில் மின்னணுக் கருவிகள் வந்தன.

இன்றைய கருவிக்குள் மீத்தேனைப் பிடிப்பது பெரும்பாலும் ஒரு சின்ன மணி. அதற்குள் பிளாட்டினம் கம்பிச் சுருள். வாயு அந்த மணியின் மேல் பட்டு எரியும்போது சூடு ஏறும். கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றமே திரையில் எண்ணாகிறது. நச்சு வாயுக்களுக்கும் ஆக்சிஜனுக்கும் இருப்பவை மின்வேதியியல் செல்கள். வாயு எவ்வளவு உள்ளே போகிறதோ அந்த அளவுக்கு மின்சாரம் பிறக்கும்.

இந்தியா இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திக் கற்றது. 1958-ல் வங்காளத்தின் சினாகுரியில் 170-க்கும் மேற்பட்டோர், 1965-ல் டோரியில் 250-க்கும் மேற்பட்டோர், 2006 செப்டம்பரில் தன்பாத் அருகே பாட்டிஹ் சுரங்கத்தில் குறைந்தது 50 பேர் என்று வெடிவிபத்துகளின் பட்டியல் நீளமானது. தமிழ்நாட்டில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் இல்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில்தான் வெட்டியெடுக்கிறார்கள். அதனால் மீத்தேனின் கதை நம் காதுகளில் அதிகம் விழவில்லை.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆபத்து தெரியாதது அல்ல. பாழுங்கிணற்றில் தூர் வாரப் போகிறவர்கள் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். கிணற்றில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும். அதே விளக்கைச் சாக்கடைக்குள் இறக்கினால் மீத்தேன் வெடிக்கலாம். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் விளக்கு நின்று எரியும். கிணற்றுக்குச் சரியாக இருந்த வழி செப்டிக் டேங்கில் ஆளைக் கொன்றுவிடும்.

மூக்கை நம்பினால் மோசம்

‘நாத்தம் இல்லண்ணே, எறங்கலாம்’ என்ற வார்த்தைதான் பல உயிர்களைக் குடித்திருக்கிறது.

ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அளவு 100 பி.பி.எம்.-ஐ ஒட்டி ஏறும்போது மோப்ப நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும், வாயு போயிருக்காது. 500 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சரிந்துவிடுவார். 1,000-ஐ எட்டினால் ஓரிரு மூச்சிலேயே முடிந்துவிடலாம். கூப்பிடவும் நேரம் இருக்காது.

‘மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் ஆச்சு, காத்து போயிருக்கும்’ என்பது இன்னொரு நம்பிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. திறந்த வாய் வழியாகத் தானாக மேலேறிப் போய்விடாது. குழியின் அடியில் தங்கும். அதைவிட முக்கியமான விஷயம், அது கசடுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கழியை விட்டுக் கிளறும்போது, அடைப்பு விலகும்போது, ஒரே வீச்சில் வெளியே வருகிறது. இறங்கும்போது நன்றாக இருந்தவர் மண்வெட்டியை ஓங்கிய கணத்தில் விழுவது இதனால்தான்.

சாக்கடையே இல்லாத இடத்திலும் காற்று கொல்லும். பூந்தமல்லி, திருவேற்காடு, பட்டாபிராம் பக்கம் திரும்பிய இடமெல்லாம் புது வீடுகள். கட்டி முடித்து மூடி வைத்த செப்டிக் டேங்கில் சென்ட்ரிங் பலகை பிரிக்க ஆளை இறக்குவார்கள். அதில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் விழுந்திருக்காது. ஆனால் ஈரப் பலகைகள் மக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. பல நாள் மூடிக் கிடந்த தண்ணீர் சம்பிலும் இது நடக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு சம்புக்குள் டீசல் பம்ப்பை இறக்கி நீர் இறைத்தால் அதன் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு நிறைந்துவிடும்.

விழுந்தவரைத் தூக்கக் குதிப்பவரின் கதை இதைவிடக் கொடியது. மூடிய இடங்களில் நடந்த மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல், காப்பாற்றப் போனவர்களின் மரணங்கள் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது. அண்ணன் விழுந்தால் தம்பி குதிப்பான். அப்பா விழுந்தால் பிள்ளை குதிப்பான். பாசத்தைத் தடுக்க முடியாது. குதிக்க வேண்டிய நிலை வராமல் முன்கூட்டியே தடுக்க முடியும்.

அளப்பதும் ஒரு வேலை

கருவி வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது. முறையாக அளக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் திறந்த வெளியில், நல்ல காற்றில் கருவியை இயக்க வேண்டும். அளவு தெரிந்த வாயு நிரப்பிய சின்ன சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காட்டி, நான்கு சென்சாரும் பதில் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. சென்சார்களுக்கு ஆயுள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்துப்போகும். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே பட்டால் மீத்தேன் சென்சார் செத்துவிடும். செத்த பிறகும் திரை பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் ‘வாயு இல்லை’ என்று நினைத்துக்கொள்வார்.

பிறகு, ஆள் மேலேயே நின்றபடி, பம்ப் பொருத்திய நீண்ட குழாயைக் குழிக்குள் விட வேண்டும். மீத்தேன் இலேசானது, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, கீழே நிற்கும். ஆகவே வாய்ப்பகுதி, நடுப்பகுதி, அடிப்பகுதி என்று மூன்று இடங்களிலும் அளக்க வேண்டும். கீழிருக்கும் காற்று குழாய் வழியாக ஏறிக் கருவிக்கு வந்து சேரும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். அவசரப்பட்டால் முந்தைய காற்றின் எண்ணைத்தான் பார்ப்போம்.

எண்களைப் படிப்பதிலும் வரிசை உண்டு. முதலில் ஆக்சிஜன். மீத்தேன் சென்சார் வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் மிகவும் குறைந்த குழியில் எரியும் வாயு பூஜ்யம் என்று வந்தால் அந்தப் பூஜ்யத்தை நம்பக் கூடாது. இது தெரியாதவர் கையில் கருவி இருந்தும் பயனில்லை.

ஆய்வாளருக்கு இருக்கும் அதிகாரம்

சுரங்கத்தில் இந்தக் கருவிக்குப் பின்னால் ஓர் ஏற்பாடே நிற்கிறது. 1902-ல் தொடங்கிய சுரங்க ஆய்வு அமைப்பு, தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககமாக வளர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வை செய்யும் சர்தாரும் ஓவர்மேனும் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற வேண்டும். வாயுவைச் சோதிக்கத் தெரியும் என்பதற்குத் தனிச் சான்றிதழும் வேண்டும். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் வேலையிடத்தைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீத்தேன் 1.25 சதவீதத்தைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். உற்பத்தி கெட்டுப்போகிறதே என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஆய்வாளர். ஆபத்து இருப்பதாகக் கண்டால், அது நீங்கும்வரை அங்கே ஆட்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரத்தை 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு அவருக்குத் தந்தது. சுரங்க முதலாளி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டும். சுரங்கங்களிலும் விபத்துகள் நடக்கவே செய்கின்றன. நடந்த பிறகு யார் அளந்தார், என்ன எழுதினார் என்று கேட்க அங்கே ஒரு பதிவேடாவது இருக்கிறது.

காம்பவுண்டுக்கு உள்ளே, வெளியே

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வாருங்கள். இங்கே தொழிற்சாலைச் சுவருக்குள் இருக்கும் ஒரு தொட்டிக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே பாதுகாப்புத் தந்தது. அதன் 36-ஆவது பிரிவு சொன்னது இதுதான்: ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஓர் ஆளை அனுப்பும் முன், தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து எழுத்து மூலம் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும்; இடுப்பு பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்ட பெர்மிட் இல்லாமல் தொட்டி மூடியைத் தொட விட மாட்டார்கள்.

அதே ஆலையின் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வாருங்கள். பத்தடி தூரத்தில் மேன்ஹோல். உள்ளே இருக்கும் வாயு அதேதான். மேலே நிற்பவர்கள் ஒரு மேஸ்திரியும், தினக்கூலிக்கு வந்த இருவரும். பெர்மிட் கிடையாது, மீட்டர் கிடையாது. அடைப்பால் வீட்டுக்குள் கழிவுநீர் ஏறி நிற்கும் குடியிருப்பவர்களின் அவசரம் மட்டும் உண்டு.

தெருவுக்கும் சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்ததோடு, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் முறைக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறைக்கு ஐந்து ஆண்டுகள், ஐந்து லட்சம். அதன் விதிகள் பட்டியலிடும் 40-க்கும் மேற்பட்ட பாதுகாப்புச் சாதனங்களில் நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டரும் ஒன்று. அதாவது, பத்தாண்டுக்கு மேலாக இந்தக் கருவி சட்டப்படி கட்டாயம்.

2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதற்குத் தடை போட்டது. சென்னை–திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலையில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது. கொஞ்சம் தள்ளித் திருமுல்லைவாயில் ஆவடி மாநகராட்சி. வாயுவுக்கு எல்லைக்கல் தெரியாது. பாதுகாப்பும் அப்படியே எல்லை பாராமல் இருக்க வேண்டும்.

இயந்திரம் முதலில், மீட்டர் எப்போதும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மீட்டர், ஆளை இறக்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. ‘எண் சரியாக இருக்கிறது, இறங்கு’ என்று சொல்லும் கருவியாக இதை ஆக்கிவிட்டால் அது சட்டத்துக்கும் மனித மாண்புக்கும் செய்யும் துரோகம். சாக்கடை வேலை இயந்திரத்தின் வேலை. ஜெட் ராடிங் லாரிகள் இருக்கின்றன. கேரளத்தின் பாண்டிகூட் ரோபோ 2018-லேயே களத்துக்கு வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே செப்டிக் டேங்குக்கென ‘ஹோமோசெப்’ ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள்.

இயந்திரம் வந்தாலும் மூடியைத் திறப்பவர் மனிதர். லாரிக் குழாயை உள்ளே விட்டுக் குனிந்து பார்ப்பவர் மனிதர். அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப்பைக் கழற்றுபவரும் மனிதர். அவர்கள் சட்டையில் மீட்டர் மாட்டியிருக்க வேண்டும்.

மாநகராட்சிகளும் நகராட்சிகளும் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு கழிவுநீர் ஒப்பந்தத்திலும் நான்கு வாயு மீட்டரும் அதன் தினசரிச் சோதனையும் நிபந்தனையாக வேண்டும். மூடி திறக்கும் ஒவ்வொரு முறையும் நான்கு எண்களை நேரத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு காட்டாத ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆகக் கூடாது. வார்டுக்கு ஒருவருக்காவது வாயு அளக்கப் பயிற்சி தந்து, சுரங்க ஆய்வாளரைப் போல வேலையை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் தர வேண்டும். ஒரு மீட்டரின் விலை சில பத்தாயிரம் ரூபாய். ஓர் உயிர் போனால் இழப்பீடு 30 லட்சம். அந்தக் குடும்பம் இழப்பதற்குக் கணக்கே இல்லை.

நமக்கும் பங்கு இருக்கிறது. செப்டிக் டேங்க் நிரம்பினால் 14420 என்ற எண்ணில் அழைத்து உரிமம் பெற்ற லாரியை வரவழையுங்கள். அடைப்பு எடுக்க இருநூறு, முந்நூறு கூடத் தருகிறேன் என்று யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், அது குற்றம். புது வீட்டின் தொட்டியாக இருந்தாலும், தண்ணீர் சம்பாக இருந்தாலும், காற்றோட்டம் தந்து அளக்காமல் யாரையும் இறக்காதீர்கள். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள். சுவாசக் கருவியோடு வருபவர்களால்தான் அவரைக் காப்பாற்ற முடியும்.

அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது மேன்ஹோல் மூடியை நெம்பினால், உங்கள் வாசலில் கழிவுநீர் லாரி வந்து நின்றால், வாடகை பேசும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மீட்டர் எங்கே?’ பதில் வராவிட்டால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.